பங்களாவிலிருந்து வந்த சாக்லேட்

சென்ற ஆண்டு சித்திரை மாதம், மூணாறுக்கு மேலே நாங்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் காலம் அல்லவா? எங்கள் துரையும் புறப்பட்டார். மேஜை, நாற்காலி, பீங்கான் எல்லாம் ஏலத்தில் போயின. சமையலறை அலமாரியில் மிஞ்சிய சில்லறைச் சாமான்களைத் துரைசானி வேலைக்காரர்களுக்கே கொடுத்துவிட்டார்.

பங்களாச் சமையல்காரர் எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். தனக்குக் கிடைத்ததில் ஒரு தகர டப்பாவை என் மகளுக்கென்று கொண்டுவந்து தந்தார். உள்ளே ஈயத்தாள் சுற்றிய சாக்லேட் வில்லைகள்.

என் கணவர் தோட்ட ஆபீஸில் கிளார்க். பங்களாப் பொருள் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவர் கண்டிப்பு. "ஆபீஸ்காரன் வீட்டுல துரை மிச்சத்தத் தின்னா நாளைக்கு எவன் மதிப்பான்?" என்பார். ஆகவே டப்பாவை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். சும்மா ஒளித்துவைத்திருந்தாலும் பரவாயில்லை, எனக்குள் ஓர் ஆசை அரித்துக்கொண்டே இருந்தது. பங்களாத் தேநீர் விருந்துகளில் கறுப்பாக, துண்டு துண்டாக வெட்டி அடுக்கிய ஒரு கேக்கைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அது எப்படித்தான் செய்கிறார்கள்? சமையல்காரரிடமே கேட்டேன்.

"அதுக்குச் சுடுற வேலையே இல்ல தங்கச்சி. கொதிக்கிற தண்ணிமேல கிண்ணத்த வச்சா சாக்லேட்டு தானா இளகிரும். வெண்ணெயும் டப்பாப் பாலும் ஊத்தி, பிஸ்கட்ட நொறுக்கிப் போட்டு, தட்டுல அமுக்கிக் குளுர்ல வச்சிரு."

"எங்க வீட்டுல ஐஸ் பெட்டி ஏதுண்ணே?"

"நம்ம ஓடைய விடவா பெரிய பெட்டி?"

டப்பாவின் உள்பக்கம் கிழிந்த காகிதத் துண்டொன்று ஒட்டியிருந்தது. எட்டாம் வகுப்பு வரை படித்தவள் நான். இங்கிலீஷை எழுத்துக்கூட்டி வாசித்தேன். 'படுக்கப்போகும்போது ஒரு துண்டு' என்ற அளவுக்குப் புரிந்தது. மற்றதெல்லாம் கிழிந்துபோயிருந்தது. துரைமார் எதையும் மணி பார்த்துச் செய்கிறவர்கள், இனிப்பைக்கூட அளவாகத்தான் தின்பார்கள்போலும் என்று வியந்துகொண்டேன். அதற்குமேல் யோசிக்கத் தோன்றவில்லை.

எட்டு வயது மகளுக்குப் பள்ளி விடுமுறை. இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இறங்கினோம். அவள் டம்ளரின் அடியால் பிஸ்கட்டை நொறுக்கினாள். வில்லைகள் பளபளவென்று உருகி ஒன்றாவதை இருவரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். மூடிபோட்ட தூக்குச் சட்டியில் அமுக்கி, ஓடைத் தண்ணீரில் இறக்கி, மேலே கல்லை வைத்தேன். மறுநாள் காலையில் கத்தி போட்டு வெட்டும்படி இறுகியிருந்தது.

"எம்மா, வாயில வச்ச உடனே காணாமப் போவுது," என்று சிரித்தாள். நான் ஒரு துண்டு தின்றேன். அவள் ஐந்தோ ஆறோ தின்றிருப்பாள். மீதியைச் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று மூடிவைத்தேன். "அப்பாட்ட சொல்லிராத, என்ன?" என்றேன். தலையாட்டினாள்.

மதியத்துக்குமேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பேதி நிற்கவே இல்லை. நான்கு மணிக்குள் கண்கள் குழிவிழுந்து, நாக்கு உலர்ந்துவிட்டது. அவள் துணியைச் சவுக்காரம் போட்டுக் கசக்கினேன். தண்ணீர் குபுக்கென்று சிவந்தது. ரத்தம் என்று நினைத்தேன். துணியையும் பிள்ளையையும் வாரிக்கொண்டு தோட்டத்து மருந்துச்சாலைக்கு ஓடினேன். ஆபீஸிலிருந்து கணவரும் ஓடிவந்தார்.

கம்பவுண்டர் நாடி பார்த்தார். துணியைப் பார்த்தார். "காலைலேர்ந்து புள்ள என்னம்மா சாப்பிட்டா?"

கணவர் என் தோளருகே நின்றிருந்தார். "சோறும் பருப்பும்தான்," என்றேன். எப்படி அந்த வார்த்தை வாயில் வந்தது என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

"அப்ப குடல்ல ஏதோ கெட்டது தங்கிருக்கு. மொதல்ல வெளக்கெண்ணெய் குடுத்து வெளியேத்திருவோம். கேக்கலன்னா லாரில ஏத்தி மூணாறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்," என்று சொல்லி, சிறிய கண்ணாடிக் கிளாஸில் எண்ணெயை அளந்து எடுத்துவந்தார். பிள்ளையின் தலையை நான்தான் தூக்கிப் பிடித்தேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "எம்மா, சொல்லிரட்டுமா?" என்றாள். குரலே இல்லை, காற்றுதான் வந்தது.

கம்பவுண்டரின் கையைப் பிடித்துவிட்டேன். டப்பா, பிஸ்கட், ஓடை, கிழிந்த காகிதம் எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்தில் இருந்ததை அவர் இரண்டாம் தரம் சொல்லச் சொன்னார். பிறகு கிளாஸை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

"அது மிட்டாய் இல்லம்மா. பேதி மருந்து. கசக்காம எறங்கட்டும்னு சாக்லேட்டுல கலந்து செய்யுறது. அதுக்கு மேல நா இந்த எண்ணெயையும் குடுத்திருந்தா..." என்று நிறுத்திக்கொண்டார்.

"அந்த ரத்தம்?" என்றார் என் கணவர்.

கம்பவுண்டர் ஓர் எலுமிச்சம்பழத்தை அறுத்துத் துணிமேல் பிழிந்தார். பிழிந்த இடமெல்லாம் சிவப்பு மறைந்து வெளுத்தது. பேதியோடு வெளியேறும் அந்த மருந்து சவுக்காரம் பட்டால் சிவக்குமாம், புளிப்புப் பட்டால் நிறம் போய்விடுமாம். ரத்தக்கறை அப்படிப் போகாது என்றார். மடியில் பிள்ளை துவண்டு கிடக்கும்போதும் நான் அந்தத் துணியை அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை இப்போது எழுதவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தோம். பொழுது சாயும் நேரத்தில் அவளே, "இன்னும் கொஞ்சம் தண்ணி," என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் கணவர் மிச்சத்தைக் கேட்டு வாங்கி, கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார். கையைக் கழுவிக்கொண்டே, "எனக்குப் பயந்தா சொல்லாம இருந்த?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். நான் துண்டை எடுத்து நீட்டினேன்.

மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். 'அப்பாவிடம் சொல்லிவிடாதே' என்று விளையாட்டுக்குக்கூட அவளிடம் சொல்வதை நான் விட்டுவிட்டேன். உயிர் ஊசலாடும் நேரத்திலும், வாயைத் திறக்க அந்தக் குழந்தை என்னிடம் அனுமதி கேட்டாளே.