மூன்று குழாய்க் கணக்கு

“கீழ குழாயை மூடும்மா! மேல வெறும் காத்துதான் வருது” என்று மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெரியவர் கத்தினார். அந்தக் குரல் என் ஏழாம் வகுப்புக் கணக்கு சாருடையது.

ஒரு குழாய் தொட்டியை நிரப்ப ஆறு மணி நேரம் ஆனால், மூன்று குழாய்களுக்கு எவ்வளவு நேரம் என்று அன்று கேட்டார். ஆறு என்றேன்.

“குழாய் கூடினா நேரம் குறையணும். ரெண்டு!”

“எங்க மாடம்பாக்கம் தெருவுக்கே ஒரே பைப்லைன் சார். பக்கத்து வூட்ல தொறந்தா எங்க வூட்ல காத்துதான்.”

தண்ணீர் வரும் சத்தத்துக்காகக் குழாயில் காதை வைத்துக் காத்திருக்கும் அம்மாவின் கன்னத்தில் எப்போதும் துரு ஒட்டியிருக்கும். அது வகுப்பில் யாருக்கும் தெரியாது. எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு என்று பத்து முறை எழுதச் சொன்னார். பத்து முறையும் ஆறு என்றே எழுதினேன்.

இன்று வீட்டின் மற்ற இரண்டு குழாய்களையும் திறந்துவிட்டு, மாடியைப் பார்த்துச் சொன்னேன்: “ஆறுதான் சரின்னு சொல்லுங்க சார், மூடிடறேன்.”