மணியடித்த நேரம் ஓடாத கடிகாரம்

ஃபிஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம் அது. என் அண்ணன் குடும்பத்துக்கு ஆஸ்திரேலியா வீசா வந்துவிட்டது. எங்கள் ஊர் லாமியில் யாரிடமும் மனத்தாங்கல் இல்லாமல் கிளம்ப வேண்டும், அது போதும் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை கோயிலுக்கு அடுத்த பள்ளிக்கூட மைதானத்தில் பெண்பிள்ளைகளின் கூடைப்பந்து இறுதி ஆட்டம். எங்கள் தென்னிந்தியர் சங்கத்துப் பிள்ளைகளும் பக்கத்துக் கிராமத்துப் பூர்வகுடி ஃபிஜியப் பிள்ளைகளும் ஆடினார்கள். அண்ணன் மகள் எங்கள் அணியில். அண்ணன் மேசையில் உட்கார்ந்து ஆட்டக் கடிகாரத்தை ஓடவிடும் வேலையைப் பார்த்துக்கொண்டார். இந்தியரும் ஃபிஜியரும் ஒரே இடத்தில் கூடினாலே அப்போதெல்லாம் நான் வெளியேறும் வழியைப் பார்த்து வைத்துக்கொள்வேன்.

ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். பாக்கி நாலு வினாடி. எங்கள் பக்கக் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறிய வேண்டும். உள்ளே நிற்கும் பிள்ளை தொட்டதும் அண்ணன் பொத்தானை அமுக்க வேண்டும். பந்து கையை விட்ட அதே நேரம் கோயிலில் தீபாராதனை மணி அடித்தது. மணி கேட்டால் கையிலிருப்பதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். அண்ணன் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். கண்ணைத் திறந்தால் அண்ணன் மகள் போட்ட பந்து கூடைக்குள் இறங்குகிறது. எங்கள் சனம் துள்ளுகிறது.

எதிர்ப்பக்கம் மொத்தமும் எழுந்தது. "கடிகாரத்தக் கட்டிப் போட்டுட்டானுங்க," என்று ஒருவன் இந்தியில் கத்தினான். முருகா, இன்றைக்குக் கல் விழப்போகிறது என்றே நினைத்தேன்.

நடுவர் ஆஜானுபாகுவான ஃபிஜியர். மேசைக்கு வந்து, அங்கே தமிழ்க் குடும்பங்களும் பேசும் எங்கள் இந்தியிலேயே கேட்டார். "அண்ணே, எப்ப அமுக்கின?"

"பிந்திட்டேன். மணி அடிச்சிச்சி, கும்பிட்டுட்டேன்."

"ஜெபம் பண்ணினியா?"

"ஆமா."

கடிகாரம் தப்பினால் நடுவர் ஊகத்தில் திருத்தக் கூடாதாம். தானே எண்ணிய கணக்கு இருந்தால் திருத்தலாமாம். பத்து வினாடிக்குள் பந்து நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும் என்பது விதி; அதற்காக உள்ளே நின்ற பிள்ளை பந்தைத் தொட்டதிலிருந்து அவர் கையை வீசி எண்ணியபடிதான் வந்திருக்கிறார். "அஞ்சு எண்ணியும் பந்து கோட்டத் தாண்டல. ஆட்டம் அப்பவே முடிஞ்சிடிச்சி," என்று கூடையை ரத்து செய்தார். பிறகு தன் சனத்தைப் பார்த்து அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அவர்கள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலய மணி அடித்தால் நானும் விசிலைக் கீழே போட்டுவிடுவேன் என்றாராம்.

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அடி எங்கள் பக்கத்திலிருந்து விழுந்தது. அண்ணனோடு சின்ன வயசிலிருந்து ஒன்றாகத் திரிந்த கூட்டாளி மேசைக்கு வந்தார்.

"பிந்தலன்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வலிக்குமா? ஒனக்கென்ன, பிளேன்ல ஏறிடுவ. நாங்கதான இங்க கெடக்கணும். இந்தக் கப்பாவது எங்களுக்கு மிஞ்சியிருக்கும்."

அந்த வாயிலிருந்தா இது என்று நான் திகைத்து நின்றேன். மகள் வேர்க்க விறுவிறுக்க வந்து, "நெசமாவே பிந்திட்டீங்களா அப்பா?" என்று இந்தியில் கேட்டாள். அண்ணன் ஆமென்று தலையாட்டினார். "அப்ப அது கூடை இல்ல," என்று சொல்லிவிட்டு எதிரணிப் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கப் போனாள்.

கிளம்பிய அன்று நாந்தி விமான நிலையத்தில் அண்ணன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அந்தக் கூட்டாளி வரவில்லை.

"பஸ் கெடச்சிருக்காதுடா," என்றார்.

அந்தக் கூட்டாளியிடம் சொந்தமாக இரண்டு லாரி இருந்தது. நான் ஆமாம் என்றேன்.