கடைசி விலை சொல்லுங்க, அக்கா

கோலா கெத்திலிலிருந்து பாலிங் போகிற சாலையில் பழைய காடி விற்கிறவள் நான். காரை நாங்கள் காடி என்றுதான் சொல்வோம். கடைக்கு வருகிறவர்கள் சுவரில் மாட்டியிருக்கும் லைசனைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, அண்ணன் இல்லையா என்று கேட்பார்கள். பொம்பளை காடி விற்பாள் என்று நம்ப அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஆரம்பத்தில் சுருக்கென்று ஏதாவது சொல்லிவிடுவேன். இப்போது, அண்ணன் இல்லை, நான்தான், வாங்க என்கிறேன். அவர்கள் கேட்பதிலும் தப்பில்லை. இங்கே நிற்க வேண்டியவன் ஒருவன் இருந்தான். அவன் என் தம்பி.

நாங்கள் இரண்டு பேரும் பாலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அம்மாவும் அப்பாவும் பால் வெட்டியே போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு எனக்கு அவன், அவனுக்கு நான். நான் சுங்கை பட்டாணியில் ஃபேக்டரிக்குப் போனேன். அவன் காடி பின்னால் போனான். தவுக்கே என்று நாங்கள் சொல்கிற ஒரு சீன முதலாளியின் கடையில் ஏஜெண்டு வேலை. ஏஜெண்டு என்றால் கடை தவுக்கேயுடையது, காடி தவுக்கேயுடையது, லைசன் தவுக்கேயுடையது, வாய் மட்டும் இவனுடையது. ஆள் பிடித்து வந்து, காடியைச் சுற்றிக் காட்டி, பேங்க் கடனுக்கு நாயாய் அலைவான். எல்லாம் முடிந்து சாவி கொடுக்கிற நேரத்தில் தவுக்கே எழுந்து வருவார். வாங்கியவர் குடும்பத்தோடு நின்று போட்டோ எடுப்பார்கள். சாவியை நீட்டுகிற கை தவுக்கேயுடையது. இவன் அந்தப் போட்டோவை எடுத்துக் கொடுப்பான்.

"ஒரு நாளாவது நான் சாவி குடுக்கணும் லா, அக்கா," என்பான். அவ்வளவுதான் அவனுடைய ஆசை. மாடி வீடு கேட்கவில்லை, மயிலாட்டம் பொண்டாட்டி கேட்கவில்லை.

கிறுக்கனும்தான். நம்ம ஆட்களின் காடியில் முன்கண்ணாடியில் வேலோ பிள்ளையாரோ ஒட்டாமல் இருக்காது. விற்கும் முன் அதை எடுத்தாக வேண்டும், வாங்குகிறவர் மலாய்க்காரராக இருக்கலாம், சீனராக இருக்கலாம். மற்ற கடைகளில் பிளேடு போட்டுச் சரக்கென்று சுரண்டிவிடுவார்கள். இவன் சுடுதண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றி, ஓரம் கிளம்பியதும் நகத்தால் மெதுவாக உரித்து முழுசாக எடுப்பான். எடுத்ததை மரத்தடியில் கொண்டுபோய் வைப்பான். சாமி முகத்தில் பிளேடு வைக்கக் கூடாதாம். நீ உரித்து முடிப்பதற்குள் அந்தச் சாமிக்கே தூக்கம் வந்துவிடும் என்று நான் கிண்டல் செய்வேன்.

சாலையோரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், எங்களுக்கெல்லாம் நானா, தன் கடைக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தை வாடகைக்குத் தருகிறேன் என்றபோது தம்பிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்றைக்கே துத்தநாகக் கூரைக்கு ஆள் பார்த்துவிட்டான். அப்புறம்தான் லைசன் விசாரிக்கப் போனான். திரும்பி வந்தவன் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பழைய காடி விற்க நகராண்மைக் கழக லைசன் மட்டும் போதாது. போலீஸ் பக்கமும் லைசன் எடுக்க வேண்டும். பழைய சாமான் விற்கிறவன் திருட்டுச் சாமான் விற்றுவிடக் கூடாது என்பதற்கான சட்டம் அது. ஆள் யார், முன்னால் ஏதாவது கேஸ் உண்டா என்று பார்ப்பார்கள். தம்பிக்குக் கேஸ் இருந்தது. வயசுக் கொழுப்பில், தோட்டத்துத் திருவிழாவில் நடந்த ஒரு சண்டையில் கட்டையைத் தூக்கிவிட்டான். எதிராளிக்குக் கை முறிந்தது. உள்ளே இருந்துவிட்டு வந்தான். வந்த பிறகு ஒரு சம்மன் கூட வாங்கியதில்லை. ஆனால் கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் தெரியுமா?

லைசனை என் பெயரில் எடுக்கலாம் என்று சொன்னது அவன்தான். நான் கத்தினேன். காடி என்றால் முன்னால் லைட்டு, பின்னால் புகை, அதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்? கத்தி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, எனக்கு உன்னை விட்டால் யாரிருக்கிறார்கள் என்றான். ஃபேக்டரி வேலையை விட்டேன்.

விரல் ரேகை கொடுத்தேன், படம் கொடுத்தேன், கடை இடத்தைப் போட்டோ பிடித்துக் கொடுத்தேன். நேரில் கூப்பிட்டு விசாரித்தவர் ஒரு மலாய் அதிகாரி. ஓய்வு பெறுகிற வயசு, தன்மையான மனிதர். சின்ன வயதில் தோட்டத்துப் பக்கம் வளர்ந்ததாகச் சொல்லி, இரண்டு வார்த்தை தமிழ் கூடப் பேசிக் காட்டினார். கடைசியில் ஒன்று சொன்னார். லைசன் உன் பெயரில் இருந்தால் வியாபாரமும் நீதான் செய்ய வேண்டும், கேஸ் உள்ளவர்கள் யாரும் உன்னை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் நின்று நடத்தக் கூடாது, ஒரு நாள் கடைக்கே வந்து பார்ப்பேன் என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். லைசன் வரும்வரை காடி கழுவுகிற வேலை மட்டும் பார்க்கிறேன் என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. அதிகாரி வரும் அன்று உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இவன் என் தம்பி, செய்த தப்புக்குத் தண்டனை அனுபவித்துவிட்டான், இப்போது திருந்தி உழைக்கிறான், அதற்கு மேல் உங்கள் இஷ்டம். இதை மலாயில் எப்படிச் சொல்வது என்று குளிக்கும்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "துவான், இனி அடேக் சாயா." ஐயா, இவன் என் தம்பி. எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவர் பலகைதான். அந்தப் பக்கம் அவன் படுத்திருப்பான் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

அதிகாரி வந்த காலை, தம்பி ஒரு வெள்ளைக் காடியில் வேல் ஸ்டிக்கரை உரித்துக்கொண்டிருந்தான். பாதி உரிந்திருந்தது. போலீஸ் வண்டி நானா கடை முன்னால் நின்றதைப் பார்த்ததும் துணியை வாளிக்குள் போட்டான், கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான், வாளியைக் காலாலேயே காடிக்கு அடியில் தள்ளினான். பிறகு காடியைச் சுற்றி வந்து டயரை உதைத்தான். டயரை உதைத்துப் பார்க்கிறவனுக்குக் காடியைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருப்பான். அவன் உதைத்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அதிகாரி எல்லாவற்றையும் பார்த்தார். கூரையைப் பார்த்தார், அலுவலக அறையைப் பார்த்தார். அப்புறம் தம்பியைப் பார்த்து, இது யார் என்று கேட்டார்.

நான் சொன்னேன். பயப்படவில்லை, மறைக்கவில்லை. "துவான், இனி அடேக் சாயா," என்று நன்றாகவே சொன்னேன்.

தம்பி சிரித்தான். தவுக்கே கடையில் ஆள் பிடிக்கிறபோது சிரிக்கிற அதே சிரிப்பு. இந்த அக்காவுக்குக் கடைக்கு வருகிற எல்லாருமே தம்பிதான் துவான், நான் காடி பார்க்க வந்தேன் என்று மலாயில் சொன்னான். அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர் இல்லையா, நம்ம ஆட்களைத் தெரியும். ஆமாம், ஆமாம், உங்களுக்கு எல்லாரும் அக்கா, எல்லாரும் தம்பி என்று தமிழிலேயே சொன்னார்.

இல்லை, இவன் என் சொந்தத் தம்பி, ஒரே வயிற்றில் பிறந்தவன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தம்பி என்னை நேராகப் பார்த்தான். பார்த்துக்கொண்டே கேட்டான்.

"கடைசி விலை சொல்லுங்க, அக்கா."

சொல்லுங்க. பேசத் தெரிந்த நாளிலிருந்து அவன் என்னிடம் சொல்லு, வா, போ என்றுதான் பேசியிருக்கிறான். கோபம் வந்தால் ஏய் என்பான். வாங்க போங்க என்று ஒரு நாளும் பேசியதில்லை. அந்த 'ங்க'வைக் கேட்டதும் வாயில் வந்த மலாய் முழுக்க எங்கே போனதென்று தெரியவில்லை. விலை இன்னும் போடவில்லை, அப்புறம் வாங்க தம்பி என்று நான் சொன்னேன் போலிருக்கிறது. சொன்னதாக நானா பிற்பாடு சொன்னார். சரிங்க அக்கா என்று கும்பிட்டுவிட்டு, தம்பி சாலையைக் கடந்து பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் நின்றான். பஸ் வந்தது. ஏறிவிட்டான். அவன் மோட்டார்சைக்கிள் நானா கடைக்குப் பின்னாலேயே நின்றது.

அன்று வீட்டில் அவனைப் பிடித்துத் திட்டினேன். உன்னை யார் கேட்டது, நான் சொல்லிக்கொண்டிருந்தேன் இல்லையா என்று கத்தினேன். நீ குளிக்கிறபோது தினமும் கேட்டேன் அக்கா என்றான். நீ அப்படிச் சொல்லியிருந்தால் லைசன் எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை என்றான். ஃபேக்டரி வேலையையும் எனக்காக விட்டுவிட்டு வந்து நிற்கிறாய் என்றான். நான் அழுதேன். அவன் எனக்குத் தட்டில் சோறு போட்டுக் கொடுத்தான்.

லைசன் வந்தது. ஆனால் அந்த அதிகாரிக்கு நானா கடை ரொட்டி பிடித்துப்போய், வாரத்தில் பாதி நாள் அங்கேதான் பசியாறினார். காடி பார்க்க வந்தவன் எத்தனை நாளைக்குக் காடி பார்ப்பான்? தம்பி பண்டார் பாருவுக்குப் போய்விட்டான். மாநிலத்தின் அந்தக் கோடி. அங்கே வேறொரு தவுக்கேயிடம், மறுபடியும் ஏஜெண்டு.

முதலில் விற்றது அந்த வெள்ளைக் காடியைத்தான். தம்பி பாதியில் விட்ட வேல் ஸ்டிக்கரை நானே சுடுதண்ணீர் வைத்து உரித்தேன், கிழிந்துதான் வந்தது. வாங்கியவர்கள் குடும்பத்தோடு நின்றார்கள். சாவியை நான் நீட்டினேன். நானா போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோவைத் தம்பிக்கு அனுப்பவா வேண்டாமா என்று நெடுநேரம் தவித்துவிட்டு அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்று பதிலாக வந்தது.

அந்த அதிகாரியும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இனி வந்துவிடு, காடி கழுவுகிறவனாக இல்லை, கடைக்காரனாக வந்து நில் என்று கூப்பிட்டுப் பார்த்தேன். லைசனை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், புதிதாக வருகிறவர் எப்படியோ, விடுங்க என்றான். போனில் இப்போதெல்லாம் அப்படி 'ங்க' போட்டுத்தான் பேசுகிறான். பக்கத்தில் யாராவது இருப்பார்கள், பழக்கம் விட்டுப்போய்விடக் கூடாது என்று முதலில் விளையாட்டாகச் சொன்னான். கடையில் பின்னாலிருந்து யாராவது அக்கா என்று கூப்பிட்டால் நான் இன்னும் வெடுக்கென்று திரும்புகிறேன். யாரோ காடி பார்க்க வந்தவராக இருப்பார்.

போன வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. "டேய், இங்க யாரும் இல்லடா. ஒரு தடவ என்னை நீன்னு சொல்லு," என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு லாரி போகிற சத்தம் கேட்டது.

"சொல்லிப் பார்த்தேன் அக்கா, வாயில வர மாட்டேங்குது," என்றான். "நீங்க சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன்.