வலது பக்கக் கதவு

ஓடத் தெரியாத பிள்ளையைக் கோல்கீப்பராக நிறுத்துவது எங்கள் பள்ளியில் எழுதப்படாத சட்டம். ஏழாம் வகுப்பில் என்னையும் அப்படித்தான் நிறுத்தினார்கள். நான் ஓடுவதைப் பார்த்தால் பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்று நினைத்து நடக்கிறவள் போல இருக்கிறது என்றார் பி.டி. டீச்சர். அவருக்குக் கோகோ தெரியும், வளையப் பந்து தெரியும். ஹாக்கி தெரியாது. ஆனால் எங்கிருந்தோ பன்னிரண்டு ஹாக்கி மட்டைகள் பள்ளிக்கு வந்து இறங்கிவிட்டன. மட்டை வந்துவிட்டால் டீம் இருந்தாக வேண்டும் அல்லவா?

டீச்சரின் கவலையைத் தீர்த்து வைத்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் அச்சுகளில் மண் குழம்பு ஊற்றும் வேலை அவருக்கு. காலேஜ் படித்த காலத்தில் ஹாக்கி ஆடியவர். காலை ஷிப்டு முடிந்து, சாப்பிட்டுவிட்டு, நாலரை மணிக்கெல்லாம் சைக்கிளில் மைதானத்துக்கு வந்துவிடுவார். எவ்வளவு கழுவினாலும் அவர் நகக்கண்ணில் வெள்ளை மண் இருக்கும். அப்போதுதான் புதிதாக ஒரு செல்போன் வாங்கியிருந்தார். அதில் விளையாட்டு முடிவதற்கான அலாரம் வைப்பதைத் தவிர வேறு எதற்கும் அது பயன்பட்டு நான் பார்த்ததில்லை.

மட்டைகள் வந்தனவே தவிர, கோல்கீப்பருக்கு உரிய சாமான் எதுவும் வரவில்லை. மாமா யாரிடமோ கேட்டுக் காலுக்குப் பழைய கிரிக்கெட் பேடு கொண்டுவந்தார். நெஞ்சுக்கு, கம்பெனியில் பீங்கான் உடையாமல் அடுக்க வைத்திருக்கும் வைக்கோலை ஒரு சாக்கில் திணித்துத் தைத்துக் கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டால் பந்து பட்டு வலிக்காது. வீட்டுக்குப் போய்க் குளிக்கிறவரை அரிக்கும், அவ்வளவுதான்.

முதல் நாள் பயிற்சியிலேயே மாமா ஒன்றைக் கவனித்துவிட்டார். இடது பக்கத்திலிருந்து வந்த பந்துகளை நான் நன்றாகவே தடுத்தேன். வலது பக்கத்திலிருந்து வந்தால், பந்து வலைக்குள் போன பிறகுதான் காலைத் தூக்கினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. என்னை மட்டும் நிறுத்தி, ஒரு ரப்பர் பந்தை வலது பக்கமிருந்து மெதுவாக வீசினார். அது என் தோளில் பட்டது. இன்னொன்று வீசினார். அதுவும் பட்டது. பிறகு போய்ச் சைக்கிளில் சாய்ந்துகொண்டு, மட்டையின் நுனியால் தரையில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவருடைய திட்டம் வெளியே வந்தது. கோலுக்கு முன்னால் இரண்டு கதவு இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். இடது பக்கக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். வலது பக்கக் கதவைச் சாத்திவிட வேண்டும். எங்கள் டீமிலேயே நெட்டையான இரண்டு அக்காக்கள், இருவரும் ஒன்பதாம் வகுப்பு, வலது பக்கம் காவல். "ரைட்டு சைடுல ஒரு எறும்பு கூட வரக்கூடாது. வர்றவளை எல்லாம் லெஃப்டுக்கே தள்ளிவுடுங்க. அங்க நம்ம பாப்பா பாத்துக்கும்" என்றார்.

நம்ம பாப்பா பார்த்துக்கொண்டது. அந்த வருடம் எங்களோடு மோதிய டீம்கள் எல்லாம், திறந்து கிடக்கிறதே என்று ஆசையாக இடது பக்கம் ஓடிவந்தன. அங்கே இடம் குறுகல். எந்தப் பக்கம் வரும் என்று எனக்கு முன்பே தெரியும். பந்து என் காலைத் தேடி வந்து விழுந்தது. வட்டார அளவில் நடந்த போட்டி முழுவதிலும் நான் விட்டது ஒரே ஒரு கோல். கோப்பை எங்களுக்கு. காலை வணக்கக் கூட்டத்தில் தலைமையாசிரியை என்னை மேடைக்கு அழைத்துக் கைகுலுக்கினார். அந்த நெட்டை அக்காக்களை யாரும் அழைக்கவில்லை. அழைக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. அம்மா கடைக்கு அனுப்பினால்கூட, கோல்கீப்பரைப் போய்க் கொத்தமல்லி வாங்கச் சொல்கிறார்களே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அந்தக் கோப்பையால் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் முகாமுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கடலூரில் ஐந்து நாள். மாமாவே பஸ்ஸில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வேலைக்கு லீவு இல்லை என்று திரும்பிவிட்டார்.

முகாமில் பயிற்சி கொடுத்தவர் ஒரு மேடம். குட்டை முடி, கழுத்தில் விசில். அவருடைய முறையே வேறு. பின்னால் நிற்கிறவர்களையும் முன்னால் ஏறச் சொல்வார். "கோல் போட்டாத்தான் ஜெயிக்க முடியும், கோலைக் காவல் காத்துக்கினே நின்னா முடியாது" என்பார். அதனால் கோல்கீப்பர் தனியாக நிற்பாள். பந்து எந்தத் திசையிலிருந்தும் வரும்.

முதல் நாளே ஆறு கோல் வாங்கினேன். ஆறில் ஐந்து வலது பக்கத்திலிருந்து வந்தவை. நான் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. இந்தப் பெண்களுக்குக் காவல் காக்கவே தெரியவில்லையே என்று அவர்கள்மேல்தான் கோபம் வந்தது. மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் ஊரில் எப்படி ஆடுவீர்கள் என்று கேட்டார். நான் பெருமையோடு மாமாவின் இரண்டு கதவுகளை விளக்கினேன். இங்கேயும் அப்படிச் செய்தால் ஜெயிக்கலாம் என்று யோசனையும் சொன்னேன். மேடம் நடுவில் பேசாமல் முழுவதும் கேட்டார். பிறகு என் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினார்.

"எத்தினி விரலு காட்டுறேன், சொல்லு."

"தெரியல மேடம். அது எனக்குப் பாக்குற கண்ணு இல்ல."

"பாக்குற கண்ணு இல்லன்னா?"

இது கூடத் தெரியாதா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எழுதுவதற்கு ஒரு கை இருக்கிறது, இன்னொன்று சும்மா துணைக்கு இருக்கிறது. அதே மாதிரி பார்ப்பதற்கு ஒரு கண், துணைக்கு ஒரு கண். எல்லாருக்கும் அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் இல்லை என்றும் யாரும் சொன்னதில்லையே.

"ஒங்களுக்குப் பாக்குற கண்ணு எது மேடம், லெஃப்டா ரைட்டா?" என்று கேட்டேன்.

மேடம் பக்கத்தில் இருந்த சிமெண்ட் மேடையில் உட்கார்ந்துவிட்டார். அன்று மாலையே மாமாவின் செல்போனுக்குப் பேசி என்னை அழைத்துப்போகச் சொல்லிவிட்டார். என்னைத் தோல்விக்காகத் துரத்துகிறார்கள் என்று வழியெல்லாம் அழுதேன். பக்கத்து சீட்டில் மாமா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் அம்மா மாமாவை நிற்க வைத்துக் கேட்டார். அம்மா அவரிடம் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"புள்ளைக்கு அந்தப் பக்கம் தெரியலன்னு ஒனக்கு மொத நாளே தெரிஞ்சிருக்குது. ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"பந்துக்கு பயப்படுதுன்னு நெனச்சன்க்கா. கண்ணுன்னு தோணவே இல்ல. பயந்தாங்கொள்ளின்னு நாலு பேரு சொல்லிட்டா ஒடிஞ்சி போயிடும்னுதான், வெளிய தெரியாம மறைச்சி ஆட வெச்சேன்."

"நல்லா மறைச்ச, போ. பெத்தவளுக்கே தெரியாம மறைச்சிட்டியே."

அதைச் சொல்லிவிட்டு அம்மாவும் அழுதார். பெற்றவளாகிய தனக்குமே அத்தனை வருடம் தெரியாமல் போயிற்றே என்பதற்காகத்தான் அழுதிருப்பார் என்று இன்று நினைக்கிறேன். அன்று, ஒரு கண்ணுக்காக வீடே இவ்வளவு அமளிப்படுவானேன், இன்னொன்றுதான் நன்றாக இருக்கிறதே என்று எனக்கு இருந்தது.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். டாக்டரம்மா என் வலது கண்ணுக்குள் விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். கண்ணில் நோய் இல்லை, சின்ன வயதிலிருந்தே அதைப் பயன்படுத்தாததால் மூளை அதை ஒதுக்கி வைத்துவிட்டது என்றார். இன்னும் சின்னதில் வந்திருந்தால் சுலபம், ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றும் சொன்னார். அந்த ஒரு வருடத்தைக் கேட்டதும் மாமா நாற்காலியைப் பிடித்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். தினமும் சில மணி நேரம் நல்ல கண்ணை ஒட்டி மூடிவிட்டு, வலது கண்ணால் படிக்க வேண்டும், எழுத வேண்டும். "சோம்பேறிக் கண்ணும்மா இது. இதுக்கு வேலை குடுத்துக்கிட்டே இருங்க" என்று சொல்லி அனுப்பினார்.

வேலை கொடு என்ற அந்தச் சொல்லை அம்மா பாடப் புத்தகத்தோடு நிறுத்திக்கொண்டார். மாமா அதை மைதானத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வருடம் பயிற்சி ஆரம்பித்ததும் நெட்டை அக்காக்கள் இருவரையும் அவர் முன்னால் அனுப்பிவிட்டார். வலது பக்கம் யாரும் இல்லை. கண்ணாடியை எலாஸ்டிக்கால் தலையோடு கட்டிக்கொண்டு நான் நின்றேன். பந்துகள் அந்தப் பக்கமிருந்தே வந்தன. போய்க்கொண்டும் இருந்தன. பயிற்சிக்காகத்தான் இப்படி, போட்டி என்று வந்தால் கதவைச் சாத்திவிடுவார் என்று எல்லாரும் நம்பினோம். ஆறாம் வகுப்பில் சுறுசுறுப்பான பிள்ளை ஒன்று இருக்கிறது, அதைக் கோலில் நிறுத்தலாமே என்று டீச்சர் கேட்டுப் பார்த்தார். மாமா வேண்டாம் என்றார்.

போட்டி அன்று காலையில், பழையபடி நிற்கட்டுமா என்று நெட்டை அக்காக்களில் ஒருத்தி கேட்டாள். பத்தாம் வகுப்பு, அவளுக்கு அது எங்கள் பள்ளியில் கடைசி வருடம். அப்பா ஆட்டோவுக்கு லீவு விட்டுவிட்டு மகள் ஆடுவதைப் பார்க்க வந்திருந்தார். மாமா அவள் முகத்தைப் பார்க்காமல், "முன்னாடியே ஆடும்மா" என்றார்.

முதல் சுற்றிலேயே எதிர் டீமுக்கு எங்கள் வலது பக்கம் திறந்து கிடப்பது புரிந்துவிட்டது. ஒன்று போயிற்று. இரண்டு, மூன்று. டீச்சர் மாமாவின் கையைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னார். ஆட்டோக்காரர் வெளிப்படையாகவே திட்டினார். மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆட்டம் ஐந்துக்குப் பூஜ்யத்தில் முடிந்தது. அந்த அக்கா மட்டையைத் தரையில் போட்டுவிட்டு அழுதாள். அதற்குப் பிறகு டீச்சர் மாமாவை மைதானத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். கோகோ திரும்பி வந்தது.

முதல் வருடம் மாமா என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து என் கண்ணை விட்டுக்கொடுத்தார், டீம் ஜெயித்தது. மறு வருடம் என் கண்ணைக் காப்பாற்றுவதாக நினைத்து டீமை விட்டுக்கொடுத்தார். டாக்டர் சொன்ன வேலை வேறு. இரண்டு கண்ணும் திறந்திருக்க ஒரு மணி நேரம் கோலில் நின்றதால் என் வலது கண்ணுக்கு ஏதாவது ஆகியிருக்கும் என்று நான் நம்பவில்லை. வீட்டில் அம்மா மிரட்டி ஒட்டிவிட்ட ஒட்டும், படித்த புத்தகங்களும்தான் அதைக் கொஞ்சம் மீட்டன. மற்ற பத்துப் பேரின் கோப்பையை எடுத்து ஒருத்தியின் கண்ணுக்கு வைத்தியம் பார்க்க அவருக்கு உரிமையும் கிடையாது. அந்தப் பத்துப் பேரை யாரும் கேட்கவில்லை. இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது. ஆனாலும் அவரைக் கோபிக்க முடியவில்லை. பிடிக்கிறது.

அந்த ஆட்டத்தில் ஒன்று நடந்தது. மூன்று கோல் வாங்கியிருந்த நேரம். வலது பக்கமிருந்து ஒருத்தி தனியாக ஓடிவந்து வேகமாக அடித்தாள். வெள்ளையாக ஏதோ வருவது தெரிந்தது. இந்த முறை போன பிறகு இல்லை, வரும்போதே தெரிந்தது. காலை நீட்டினேன். பந்து பேடில் பட்டு வெளியே போயிற்று. மைதானத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமா மட்டும் கட்டிய கையை அவிழ்த்து, தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டு, செருப்பு ஒன்று கழன்று விழ, கோட்டுக்குள்ளேயே ஓடிவந்துவிட்டார். நடுவர் விசில் ஊதி அவரை வெளியே போகச் சொன்னார். எதிர் டீம் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அவமானத்தில் உடம்பு எரிந்தது.

ஆட்டம் முடிந்ததும் எல்லார் முன்னாலும் கேட்டேன். "ஒங்களுக்குக் கோச்சிங் குடுக்கவே தெரியல மாமா. நாம தோத்துக்கினு இருக்கறப்போ கை தட்டுறீங்க."

"ஆமாம் பாப்பா, தெரியலதான்" என்றார். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. நான் தோற்றதைக் கேலி செய்கிறார் என்று முடிவு செய்து, ஒரு மாதம் அவரோடு பேசாமல் இருந்தேன்.