துரை பங்களாவுக்கு ஒரு ஜோடி பூட்ஸ்

ராஜபாளையத்தில் மூட்டை தூக்கும் வேலை தீர்ந்துவிட்டதால் ஸ்ரீவில்லிபுத்தூரைப் பார்த்து நடக்கிறேன். நேற்று மத்தியானம் சாப்பிட்டதுதான். ஊருக்குள் நுழைந்ததும், தாலுகா கச்சேரியில் வேலை முடிந்து வந்த குமாஸ்தா ஒருவர் தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கிறேன். புதுத் தோல். கால் வீங்கிப்போய்க் கழற்ற வரவில்லை.

உள்ளே அவர் மனைவி விளக்குமாறோடு நிற்கிறாள். "அந்தச் சனியனோட உள்ள கால வச்சீகன்னா சோறு கெடையாது."

"ஏலே, செத்த இழுலே" என்கிறார் என்னிடம்.

இழுக்கிறேன். பூட்ஸ் என் மடியில் விழுகிறது, அவர் மல்லாந்து விழுகிறார். குதிகாலில் இரண்டு கொப்புளம்.

"எதுக்குய்யா இந்தப் பாடு?" என்கிறேன்.

"செருப்புன்னா துரை பங்களா வாசல்லயே கழத்தணும். பூட்ஸு போட்டவன் அப்படியே உள்ள போலாம். வெள்ளிக்கெழம அவரு முன்னால பூட்ஸோட நிக்கப்போறேன்லே."

"நிக்க முடிஞ்சால்ல!" அவள் சிரிக்கிறாள்.

குமாஸ்தா என் கால்களையே பார்க்கிறார். அவர் கால்களைவிட அவை சற்றுப் பெரியவை.

மறுநாள் காலை அந்தப் பூட்ஸை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடக்கிறேன். தோல் இளகும்வரை எனக்குத் தினம் இரண்டு வேளைச் சோறு என்று பேச்சு. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருப்பதால் மெதுவாகத்தான் நடக்கிறேன்.