முன்சீட்டு இல்லாத கார்

காருக்குள் நீட்டிப் படுக்க வேண்டுமென்றால் ஆள் குட்டையாக இருக்க வேண்டும். எனக்கு அந்தக் கொடுப்பினை உண்டு. எழுத்துதான் தெரியாது, நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். கார் அவளுடையது என்பதால் நடுநடுவே முறைக்கிறாள்.

போன குறுவை அறுப்பில், அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துவிட்டு, பொம்பளை எப்படி அங்கே தங்குவது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். காலையில் போனால் என் முறை போயிருந்தது. ஆளில்லாத குவியலுக்கு முறை கிடையாதாம். அப்புறம் பிடித்த மழையில் நெல் முளைத்தே போனது. அந்த நெல் விளைந்தது சும்மா வந்த நிலமில்லை. பண்ணையாளாக இருந்த என் மாமனார் கொடி பிடித்து, அடிபட்டு வாங்கியது. எந்த ஆட்சி வந்தாலும் எங்களுக்குச் சண்டை மட்டும் ஓயவில்லை, அது கிடக்கட்டும்.

இந்தக் குறுவைக்கு மகளிடம் சொன்னேன்: "ஒன் காரக் குடு. குவியலுக்குப் பக்கத்துல போட்டு அதுலயே படுத்துக்குறேன்."

"ஒக்காந்துகிட்டேவா தூங்குவ?"

"சீட்டக் கழட்டிடுவோம்."

பம்புசெட்டு ஸ்பேனரே போதுமாக இருந்தது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டைக் கழற்றி, அந்தப் பள்ளத்தில் வைக்கோல் அடைத்த சாக்குகளைப் பின்சீட்டு உயரத்துக்கு அடுக்கி, மேலே பழைய கதவுப் பலகையைப் போட்டோம். தலை பின்சீட்டில், கால் முன்னால். ஜன்னலுக்குக் கொசு வராமல் என் பழைய வாயில் புடவை. அவசரத்தில் ஈர வைக்கோலை அடைத்துவிட்டேன். அது புழுங்கிச் சூடேறி, முதல் நாள் முதுகு கொதித்தது. இடுப்பு வலிக்கு அதுவும் நல்லதுதான். மறுநாள் காயவைத்து அடைத்தேன். கழற்றிய சீட்டைக் குவியலோரம் வைத்து ராணி மாதிரி உட்கார்ந்தேன்.

என் முறை வந்த அன்று, எனக்கு முன்னால் நுழைய ஒரு நெல் வியாபாரியின் லாரி வந்தது. என் மாமனார் வேலை பார்த்த பண்ணை வீட்டுப் பேரன்தான் அந்த வியாபாரி. தராசுக்குப் போகும் வழியில் எங்கள் கார் நின்றது. நான் உள்ளே ஏறிப் படுத்துக்கொண்டேன்.

நிலையத்தில் பில் போடுகிறவர் வந்தார். "ஆயா, வண்டிய எடுங்க. லாரி போவணும்."

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்களே."

"சாவியக் குடுங்க."

"மக பையில இருக்கு. அது வலங்கைமான்ல பாடம் நடத்திகிட்டிருக்கும்."

மூட்டை தூக்குகிறவர் ஒருவர், "தள்ளிப் பாப்பமா சார்?" என்றார்.

"தள்ளுப்பா. கியர்ல போட்டு ஸ்டீரிங்கு பூட்டியிருக்கு, உள்ள நான் வேற படுத்திருக்கேன். பாத்துத் தள்ளு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். வியாபாரிக்கு முகம் சிவந்தது. "ஒரு கெழவிக்காக லாரி நிக்கணுமா?"

"நிக்கட்டுமே. எங்க மாமனாரு ஒங்க வாசல்ல நின்ன நிப்புக்கு இது ஒண்ணுமில்ல. கால் வலிச்சா அந்த சீட்டுல ஒக்காருங்க தம்பி, மெத்துனு இருக்கும்."

கொஞ்ச நேரம் வெயிலில் நின்றார். அப்புறம் உட்கார்ந்தார்.

பில் போடுகிறவர் தலையில் அடித்துக்கொண்டு, "மொதல்ல இந்த ஆயா நெல்ல அளந்து விடுங்கய்யா!" என்று கத்தினார். அளந்தார்கள். கடைசி மூட்டை தைத்ததும், "இப்பவாச்சும் எடுப்பீங்களா?" என்றார்.

"மக வரட்டுங்க."

அவள் பள்ளிக்கூடம் விட்டு பஸ் பிடித்து வருவதற்குள், எனக்குப் பின்னால் காத்திருந்த குவியல்களையும் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அளந்து முடித்திருந்தார்கள்.

சீட்டை எப்போது திரும்ப மாட்டுவது என்று மகள் கேட்கிறாள். சம்பா அறுப்பு இருக்கிறது, இப்போதைக்கு மாட்ட மாட்டேன்.