காப்பார் என்று தலைப்பிட்ட வரைபடம்

லோகேஸ்வரிக்குத் தன் வேலைமேல் அப்படியொரு நம்பிக்கை. பிரிக்ஃபீல்ட்ஸில் வீடு, போர்ட் கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் வேலை. எந்த டிப்போவின் லோரிகள் எவ்வளவு தாமதம் என்று வரைபடம் போட, ஆர் என்னும் கணினி மொழியில் ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு குட்டி நிரல், எழுதி வைத்திருந்தாள். காப்பார் டிப்போவின் விவரத்தை அதனிடம் கொடுத்தால், விவரத்துக்கு அவள் வைத்திருந்த பெயரையே பிடித்துத் தலைப்பாகப் போட்டுவிடும். சமர்த்து.

அத்தோடு விட்டாளா? இன்னும் சீக்கிரம் முடியட்டுமே என்று அதை இன்னொரு ஃபங்ஷனுக்குள் நுழைத்தாள். வந்தது வினை. வெளியே என்ன பெயரில் விவரம் வந்தது என்று உள்ளே இருப்பதற்கு எப்படித் தெரியும்? நடுவில் நிற்கும் வெளி ஃபங்ஷன் சொல்லும் 'டேட்டா' என்ற பொதுப் பெயர்தான் தெரியும். எல்லா வரைபடத்துக்கும் அதே தலைப்பு. மீட்டிங்குக்கு நேரமாகிவிட்டது. கையாலேயே போட்டுக்கொள்ளலாம் என்று அவசர அவசரமாகத் தட்டினாள். காப்பார் டிப்போவின் தலைப்பும் கேரி தீவு டிப்போவின் தலைப்பும் இடம் மாறிப்போயின.

முதலாளி விமலன் அதைப் பார்த்துவிட்டு, காப்பார் லோரிகள்தான் தாமதம் என்று, அந்த டிப்போ பொறுப்பாளர் கொர்னேலியஸை அந்த வாரமே வேர்ஹவுஸ் ஷிப்டுக்குத் தள்ளினார்.

அடுத்த மாதம்தான் லோகேஸ்வரி அதைச் சரிசெய்ய உட்கார்ந்தாள். வெளி ஃபங்ஷனிலேயே பெயரைப் பிடித்து உள்ளே அனுப்ப வேண்டும், ஒரே ஒரு வரி. பழைய விவரத்தைக் கொடுத்துச் சோதித்தாள். தாமதமே காட்டாத வரைபடம் காப்பார் என்ற தலைப்போடு வந்து நின்றது. அந்த ஒரு வரியை அன்றைக்கே எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டு விமலனிடம் ஓடினாள்.

"அங்க வேற ஆள் போட்டாச்சு, லோகா. இனி மாத்த முடியாதுலா" என்றார் அவர்.

வேர்ஹவுஸுக்குப் போய்க் கொர்னேலியஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "தப்பு என்னோடது, அங்கிள். உங்க லோரிங்க லேட்டே இல்ல. நீங்க ஏன் அன்னைக்கே கேக்கல?"

அவர் கையுறையைக் கழற்றினார். "நீ போட்டது, தப்பா இருக்காதுன்னு நம்பிட்டேம்மா. டிரைவருங்கதான் லேட் இல்லன்னு என்கிட்ட பொய் சொல்றானுங்கன்னு நெனச்சேன். எத்தனையோ வருஷமா என்கூட ஓட்டுனவன் முகுந்தன். எல்லார் முன்னாடியும் அவனப் பொய்க்காரன்னு சொல்லிட்டேன். அன்னைக்கு லோரி சாவியக் குடுத்துட்டுப் போனவன், இன்னும் என் போன எடுக்கல."